பணம் கடக்கும் பாலம்

கிரிப்டோ நாணயங்களின் கொடுக்கல் வாங்கல் பதியப்படும் பொதுக் கணக்கேட்டைச் 'சங்கிலி' என்பர். எதேரியம் ஒரு சங்கிலி, மூன்பீம் இன்னொன்று. ஒன்றில் நடப்பது மற்றதற்குத் தெரியாது. அப்படியாயின், எதேரியத்தில் வைப்பிலிட்ட தொகை மூன்பீமில் எப்படிக் கைக்கு வருகிறது? தகவல் தொழினுட்பம் கற்கும் எனக்கு இக்கேள்வி நீண்ட நாள் இருந்தது.

நமது தபாலகக் காசுக்கட்டளையை நினைத்துப் பாருங்கள். கண்டியில் கட்டிய அதே தாள் மன்னாருக்குப் போவதில்லை, செய்திதான் போகிறது. இங்கும் அப்படியே. நாணயம் ஒரு சங்கிலியில் பூட்டி வைக்கப்படும். அச்செய்தியை மறுபக்கம் கொண்டு செல்லும் கணினி நிரலே 'ரிலேயர்'. அஞ்சலோட்டத்தில் கோலை ஏந்தி ஓடுபவரைப் போன்றது அது.

நல்ல ரிலேயர் முதலில் பொறுமை காக்கும். எதேரியத்தில் 12 செக்கனுக்கு ஒரு பதிவுத் தொகுதி உருவாகிறது. ஆயினும் புதிய தொகுதி மாற்றப்படலாம். அது உறுதியாக ஏறத்தாழ 13 நிமிடங்கள் ஆகும். அதற்குமுன் பணம் கொடுத்துவிட்டு, வைப்பு மறைந்துபோனால் நட்டம்தான்.

அடுத்தது, ஒவ்வொரு வைப்புக்கும் தனி இலக்கம் உண்டு. கொடுத்து முடித்த இலக்கத்தை மறுபக்க நிரல் குறித்துக்கொள்ளும். அதே இலக்கம் மீண்டும் வந்தால் மறுத்துவிடும். ஆகவே மின்சாரம் நின்றாலும், கட்டணத்துக்குக் காசு போதாமல் தடைப்பட்டாலும், ரிலேயர் அச்சமின்றி மறுபடி முயலலாம். ஒரு ரிலேயர் விழுந்தால் இன்னொன்று அதே செய்தியைக் கொண்டு போகலாம்.

இவையிரண்டும் இருந்தாலும் போதாது. கொண்டு வந்த செய்தி உண்மையா என்று மறுபக்கம் சோதிக்க வேண்டும். இவ்விரு சங்கிலிகளையும் இணைத்த பாலங்களில் ஒன்று 'நோமாட்'. அதன் நிரலைப் புதுப்பித்தபோது நேர்ந்த பிழையால், நிரூபிக்கப்படாத செய்திகளும் நிரூபிக்கப்பட்டவையாக ஏற்கப்பட்டன. 2022 ஒகஸ்ட் 1ஆம் திகதி ஒருவர் அவ்வழியே பணம் எடுத்தார். மற்றவர்கள் அதே செய்தியைப் பிரதி செய்து, தங்கள் முகவரியை மட்டும் மாற்றி அனுப்பினர். சில மணி நேரத்தில் ஏறத்தாழ 19 கோடி டொலர் போய்விட்டது. வாசலில் சீட்டைப் பார்ப்பவர் கண்ணை மூடியிருந்தால், சீட்டைக் கொண்டு வருபவர் எவ்வளவு ஒழுங்காக ஓடியும் பயனில்லை.

தோழியரே, பெற்றோரே! பணத்தை விரைவாக அனுப்பித் தருவோம் என்று எவரேனும் சொன்னால், எத்தனை நிமிடம் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். இடையில் தடைப்பட்டால் என் பணம் எங்கே இருக்கும்? சரிபார்ப்பது யார்? இவ்விரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்த பிறகே காசை எடுங்கள்.