செவ்வாயில் திணறிய நினைவகம்

2004ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் 'ஸ்பிரிட்' என்னும் அமெரிக்க ஊர்தி செவ்வாய்க் கோளில் இறங்கியது. நாள்தோறும் படங்களை அனுப்பி வந்த அது, 21ஆம் நாள் திடீரென ஒழுங்கான செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டது. சக்கரமோ கருவியோ உடையவில்லை. கோப்புகளைக் கணக்கு வைத்திருந்த முறையில்தான் கோளாறு இருந்தது. அது எவ்வாறு நேர்ந்தது என்று பார்ப்போம்.

இருவகை நினைவகம்

இயந்திரங்களுக்குள் அமர்ந்து, குறித்த வேலையைக் குறித்த நேரத்தில் முடித்துத் தரும் மென்பொருளை 'உட்பொதி இயக்கமுறைமை' என்பார்கள். ஸ்பிரிட்டின் கணிப்பொறியில் இருந்த 'விஎக்ஸ்ஒர்க்ஸ்' இவ்வகையைச் சேர்ந்தது.

அக்கணிப்பொறியில் 128 மெகாபைட் ராம் நினைவகமும் 256 மெகாபைட் பிளாஷ் நினைவகமும் இருந்தன. ராம் விரைவானது, ஆனால் மின்சாரம் நின்றால் அதிலுள்ளவை மறைந்துவிடும். பிளாஷில் எழுதியவை மின்சாரம் இன்றியும் நிலைத்திருக்கும். இரவில் மின்கலத்தைச் சேமிக்கக் கணிப்பொறி உறங்கிவிடும். ஆகவே படங்களையும் அளவீடுகளையும் பிளாஷில் கோப்புகளாக வைத்தார்கள்.

சுருங்காத பட்டியல்

எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று பட்டியல் வைத்துக்கொள்வது கோப்பு முறைமையின் வேலை. ஸ்பிரிட்டில் இருந்தது, மேசைக் கணிப்பொறிகளில் வழங்கிய டாஸ் கோப்பு முறைமை. அதில் ஒரு கோப்பை நீக்கினால், பட்டியலில் அதன் வரிக்கு 'நீக்கப்பட்டது' என்ற அடையாளம் மட்டுமே விழும். புதிய கோப்பு அந்த வரியைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் பட்டியலின் நீளம் குறையாது.

ஒரு நூலகத்தை நினைத்துப் பாருங்கள். பழைய நூல்களை அகற்றியாயிற்று; அவற்றின் அட்டைகளோ பெட்டியிலேயே இருக்கின்றன. நூலகர் ஒவ்வொரு நாள் காலையிலும் எல்லா அட்டைகளையும் தம் சிறிய மேசையில் பரப்பிய பிறகே வேலையைத் தொடங்குவார் என்றால், ஒரு நாள் மேசையில் இடம் போதாமல் போகுமல்லவா?

இங்கே மேசை என்பது ராம். இயக்கமுறைமை பட்டியலின் படியை ராமில் வைத்திருந்தது. 2003 ஜூன் முதல் ஏழு மாதப் பயணத்தில் சேர்ந்த கோப்புகளோடு செவ்வாயில் சேர்ந்தவையும் கூடின. பட்டியல் வளர்ந்து ராமில் இடம் தீர்ந்தது. வேலை தடைபட்டதும் கணிப்பொறி தன்னை மறுபடி தொடக்கிக்கொண்டது. தொடங்கியதும் முதலில் பிளாஷின் பட்டியலைப் படிக்க முனைந்தது. மீண்டும் இடம் போதவில்லை, மீண்டும் மறுதொடக்கம்! இவ்வாறு 60 தடவைக்கு மேல் நிகழ்ந்தது. உறங்க வேண்டிய இரவிலும் விழித்திருந்ததால் மின்கலம் வற்றத் தொடங்கியது.

மீட்ட வழி

கலிபோர்னியாவிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகப் பொறியாளர்கள் காரணத்தை ஊகித்து, 'பிளாஷைத் தொடாமல் தொடங்கு' என்று கட்டளை அனுப்பினார்கள். ராமின் ஒரு பகுதியையே தற்காலிகக் கோப்பகமாகக் கொண்டு ஊர்தி எழுந்தது. பின்னர் வேண்டாத கோப்புகளை நீக்கி, பிப்ரவரியில் பிளாஷ் முழுவதையும் புதிதாக வடிவமைத்தார்கள்; பழைய பட்டியல் ஒழிந்தது.

90 செவ்வாய் நாள்களுக்கென அனுப்பப்பட்ட ஸ்பிரிட், 2010 மார்ச் வரை செய்தி அனுப்பியது. கிடங்கின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. அதன் பட்டியலுக்கு வேண்டிய இடத்தையும் கணக்கிட வேண்டும். கிடங்கு பழுதானாலும் கணிப்பொறி விழித்தெழ வேறொரு வழி இருக்க வேண்டும். அந்த வழி முன்பே அமைந்திருந்ததால்தான் ஸ்பிரிட் பிழைத்தது.