அறிஞர் சித்திலெப்பை விட்டுச் சென்ற கேள்வி

பெரியோர்களை நினைவுகூர்வது நம் சமூகத்துக்குக் கைவந்த கலை. விழா எடுப்போம், மாலை அணிவிப்போம், மலர் வெளியிடுவோம். ஆனால், அவர்கள் எதற்காக வாழ்ந்தார்கள் என்ற வினாவை எழுப்ப மட்டும் மறந்துவிடுவோம். கண்டி மண் ஈன்றெடுத்த அறிஞர் முகம்மது காசிம் சித்திலெப்பை விடயத்திலும் இதுவே நிகழ்ந்து வருகிறது.

1838 ஆம் ஆண்டு கண்டியில் பிறந்த அவர், சட்டத்துறையில் சிறந்து விளங்கிய தந்தையின் வழியில் தாமும் சட்டத்தரணியானார். வருவாயும் மதிப்பும் அவரைத் தேடி வந்தன. அந்த வசதியோடு அவர் அமைந்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆயினும், தம் சமூகம் கல்வியில் பின்தங்கிக் கிடந்தமை அவரது உள்ளத்தை உறுத்தியது.

அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிமாரின் கைகளிலேயே இருந்தது. பிள்ளைகளை அங்கு அனுப்பினால் மார்க்கம் பறிபோய்விடும் எனப் பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சத்தை அறியாமை எனத் தள்ளிவிடுவது எளிது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் சைவப் பாடசாலைகளை நிறுவியதும், பின்னர் பௌத்தர்கள் தமக்கெனப் பாடசாலைகளை அமைத்ததும் இதையொத்த கவலையினாலேயே. சித்திலெப்பையும் அவ்வழியே சிந்தித்தார். மார்க்கத்தைக் காப்பதற்காகக் கல்வியைக் கைவிட வேண்டியதில்லை; மார்க்கமும் நவீன அறிவும் ஒரே கூரையின் கீழ் போதிக்கப்படும் பாடசாலைகளே தேவை என்பது அவரது முடிவு.

அவர் அம்முடிவை எழுத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கித் தமிழிலேயே மக்களோடு பேசினார். 1885 இல் வெளிவந்த அவரது ‘அசன்பே சரித்திரம்’, ஈழத்துத் தமிழ் நாவலின் முன்னோடியாக இன்றும் போற்றப்படுகிறது. 1891 இல் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கெனப் பாடசாலையொன்றை ஆரம்பித்தார். பெண்கல்வியைப் பற்றிப் பேசவே பலரும் தயங்கிய காலம் அது என்பதை மறந்துவிடலாகாது.

எகிப்தியப் புரட்சித் தலைவர் ஒராபி பாஷா 1883 ஜனவரியில் நாடுகடத்தப்பட்டு இலங்கை வந்தடைந்தார். படையும் பதவியும் இழந்த அம்மனிதர், தம் சோகத்தில் ஒடுங்கிவிடாது இங்குள்ள முஸ்லிம்களின் கல்வி முயற்சிகளுக்கு ஊக்கமளித்தார். சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோரின் உழைப்போடு அந்த ஊக்கமும் இணைந்ததன் பயனே, 1892 இல் கொழும்பு மருதானையில் உருவாகிப் பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக மலர்ந்த கல்விக்கூடம். அதே ஆண்டில் கண்டிக்குக் குடிபெயர்ந்த ஒராபி, 1901 இல் தாயகம் திரும்பும்வரை இங்கேயே வாழ்ந்தார். அவர் வசித்த இல்லம் இன்று அவர் பெயரால் கலாசார நிலையமாக விளங்குகிறது.

இவ்விருவரின் வாழ்விலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. நம்பிக்கை என்பது வணக்கத்தலத்தோடு முடிந்துவிடுவதன்று. அது செய்யும் தொழிலிலும், பிறருக்காகச் செலவிடும் நேரத்திலும் வெளிப்பட வேண்டும். சித்திலெப்பை மெய்ஞ்ஞானத் துறையில் தோய்ந்தவர். ‘அஸ்றாறுல் ஆலம்’ என்னும் ஞான நூலை இயற்றிய அதே கரங்களே சிறுவர்களுக்கான பாட நூல்களையும் எழுதின. ஆன்மிகமும் அன்றாடக் கடமையும் அவருக்கு இரு வேறு உலகங்களாக இருக்கவில்லை.

1898 இல் அவர் மறைந்தார். அவர் போராடிய நாளில் தம் சமூகத்துக்கெனப் பாடசாலைகள் அரிதாகவே இருந்தன. இன்று கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், பரீட்சைப் பெறுபேற்றையும் சான்றிதழையும் தவிர்த்துக் கல்விக்கு வேறு நோக்கமே இல்லை என்பதுபோல் நம் பிள்ளைகளை வளர்க்கின்றோம். வைத்தியராகவும் பொறியியலாளராகவும் உயர்ந்தவர்கள், தாம் பயின்ற பாடசாலையின் வாயிலை மீண்டும் மிதிப்பது அரிதாகிவிட்டது.

கற்றவன் தன் கல்வியால் யாருக்குப் பயன்பட்டான்? ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் கண்டியிலே தம் வாழ்வால் இக்கேள்விக்கு விடை தந்துவிட்டுச் சென்றார் சித்திலெப்பை. நமது விடை என்ன என்பதை அவரவர் உள்ளமே கூறட்டும்.