டிராகன்களுக்கு ஒரு மியூசியம்

ஆஸ்திரேலியாவில் மெல்போர்னிலிருந்து வடமேற்கே சுமார் 150 கிலோமீட்டரில் இருக்கிறது பெண்டிகோ. 1851-இல் தங்கம் கிடைத்ததும் சனம் வந்து குவிந்த ஊர். அந்தச் செல்வத்தின் மிடுக்கை இன்றும் பால்மால் வீதியில் பார்க்கலாம்: மணிக்கூண்டு வைத்த பழைய தபால் நிலையம், அரண்மனை மாதிரி ஷாம்ராக் ஓட்டல்.

ஆனால் முதலில் போக வேண்டியது கோல்டன் டிராகன் மியூசியத்துக்குத்தான். தங்கம் தேடிச் சீனர்களும் வந்தார்களே, அவர்கள் கதை அங்கே இருக்கிறது. ஈஸ்டர் ஊர்வலத்தில் பல பேர் சேர்ந்து தூக்கி ஆடிய பட்டு டிராகன்களும் இருக்கின்றன. அவற்றில் சுன் லூங் என்பது 1970 முதல் 2019 வரை வீதியுலா வந்தது. நீளம் சுமார் 100 மீட்டர்! உடம்பெல்லாம் குட்டிக் குட்டிக் கண்ணாடிகள். அதற்கு ஓய்வு கொடுத்து, இப்போது தை கும் லூங் என்ற புது டிராகன் ஆடுகிறது.

412 மீட்டர் ஆழம் தோண்டி, 1954-இல் மூடிய சென்ட்ரல் டெபோரா தங்கச் சுரங்கமும் இதே ஊரில்தான். ஊருக்குள் டிராம் சேவை 1972-இல் நின்றுவிட்டது. பழைய டிராம்கள் மட்டும் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடுகின்றன. ஏறி உட்கார்ந்தால் ஊர்க்கதையும் காதில் விழும்.