நிகழ்வு நினைவு

நிகழ்வு நினைவு என்பது ஒருவர் தம் வாழ்வில் நேரில் கண்டும் கேட்டும் உணர்ந்த நிகழ்ச்சிகளை, அவை நடந்த இடத்தோடும் காலத்தோடும் சேர்த்து மீண்டும் மனத்தில் கொண்டுவரும் ஆற்றல் ஆகும். இந்தியாவின் தலைநகர் புது தில்லி என்று அறிந்திருப்பது பொருள்சார் நினைவு. முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்ற நாளை எண்ணிப் பார்ப்பது நிகழ்வு நினைவு. இவ்வேறுபாட்டைக் கனடிய உளவியலாளர் எண்டெல் டல்விங் 1972ஆம் ஆண்டில் முன்வைத்தார். நிகழ்வு நினைவு மூளையின் ஓரிடத்தில் முழுமையாகச் சேமிக்கப்படுவதில்லை. பல பகுதிகள் சேர்ந்து அதை உருவாக்குகின்றன.

மூளைப் பகுதிகளின் பங்கு

ஹிப்போகாம்பஸ்: இது பொட்டு மடலின் உட்புறத்தில், இரு பக்கமும் ஒவ்வொன்றாக அமைந்துள்ளது. கடற்குதிரை போன்ற வடிவத்தால் இப்பெயர் பெற்றது. ஒரு திருமண வீட்டில் கேட்ட நாதசுவர ஒலி, மல்லிகை மணம், உறவினர் முகங்கள் ஆகியவற்றை மூளையின் வெவ்வேறு பகுதிகள் உணர்கின்றன. இவற்றை ஒரே நிகழ்ச்சியாகப் பிணைப்பது ஹிப்போகாம்பஸ். அதனால்தான் பின்னாளில் மல்லிகை மணம் மட்டுமே அந்த நாள் முழுவதையும் நினைவூட்டக்கூடும்.

பெருமூளைப் புறணி: நிகழ்ச்சியின் கூறுகள் இங்கே பரவலாகப் பதிகின்றன. காட்சிகளுக்குப் பிடரி மடலும் ஒலிகளுக்குப் பொட்டு மடலும் முக்கியமானவை.

அமிக்டலா: வாதுமைப் பருப்பு வடிவிலான இப்பகுதி, அச்சம் போன்ற வலுவான உணர்ச்சிகளின்போது நினைவு ஆழமாகப் பதிய உதவுகிறது.

நுதல் மடல்: நினைவைத் தேடி எடுத்தல், எது முன், எது பின் என்று வரிசைப்படுத்தல், நேரில் கண்டதா பிறர் சொன்னதா எனப் பிரித்தறிதல் ஆகியவற்றில் இதன் முன்பகுதி பங்கேற்கிறது.

ஹென்றி மொலைசன்

அமெரிக்கரான ஹென்றி மொலைசன் கடும் வலிப்பு நோயால் துன்புற்றார். 1953ஆம் ஆண்டில், அவரது 27ஆம் வயதில், மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் அறுவை மருத்துவம் செய்து இருபக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அதை ஒட்டிய பகுதிகளையும் அகற்றினார். வலிப்பு குறைந்தது, அறிவுத்திறனும் பேச்சும் கெடவில்லை. ஆனால் புதிய நிகழ்ச்சிகள் அவர் நினைவில் தங்கவில்லை. பல ஆண்டுகள் அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதியவராகவே தோன்றினார்.

கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திர வடிவை வரையும் பயிற்சியில் மொலைசன் நாளுக்கு நாள் தேறினார். முன்பு அப்பயிற்சி செய்ததோ அவருக்கு நினைவில்லை. கைத்திறன் நினைவுக்கும் நிகழ்வு நினைவுக்கும் மூளையில் வெவ்வேறு வழிகள் உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று. அவர் 2008ஆம் ஆண்டில் காலமானார்.

நினைவு மாறுதல்

ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் கூறுகள் மீண்டும் இணைக்கப்படுவதால், இடையில் பிறர் கூறியவையும் அதில் கலந்துவிடலாம். உறுதியாகச் சொல்லும் நேர்மையான சாட்சியும் தவறக்கூடும்.

ஆல்சைமர் நோய்

இந்நோய் பெரும்பாலும் ஹிப்போகாம்பஸையும் அதை அடுத்துள்ள புறணியையும் தொடக்கத்திலேயே பாதிக்கிறது. எனவே இளமைக் காலச் செய்திகளை விரிவாகச் சொல்லும் முதியவர், காலையில் உண்டதை மறந்து மீண்டும் உணவு கேட்கலாம். இது பிடிவாதமோ நடிப்போ அன்று. அந்நிகழ்ச்சி மூளையில் சரிவரப் பதியவே இல்லை. இத்தகைய மறதி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. சத்துக் குறைபாடு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு போன்ற மருத்துவத்துக்கு உட்பட்ட காரணங்களாலும் மறதி ஏற்படலாம்.