நடைபாதையில் கிடைத்த விடை

சென்னை ஜெமினி திரைப்பட ஸ்டூடியோவில் எழுத்தாளர் அசோகமித்திரனுக்குக் கிடைத்த வேலை, செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது. பார்த்தவர்களுக்கு அவர் சும்மா உட்கார்ந்திருப்பதாகவே பட்டது. சும்மாவா? அந்த ஸ்டூடியோ வாழ்க்கைதான் பின்னாளில் 'கரைந்த நிழல்கள்' நாவலுக்கு அடித்தளம் போட்டது.

ஒருமுறை ஸ்டூடியோவுக்கு ஓர் ஆங்கிலக் கவிஞர் வந்து பேசினார். பேச்சும் புரியவில்லை, அவர் ஏன் வந்தார் என்பதும் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு, 'என்கவுண்டர்' என்ற ஆங்கிலப் பத்திரிகை நடத்திய சிறுகதைப் போட்டி பற்றி அசோகமித்திரன் படித்தார். கதை அனுப்பத் தபால் செலவு செய்யுமுன் பத்திரிகை எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாமே! பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்தில் அதன் இதழ்கள் யார் கையும் படாமல் கிடந்தன. ஆசிரியர் பெயர்: ஸ்டீபன் ஸ்பெண்டர். ஸ்டூடியோவுக்கு வந்த அதே கவிஞர்!

அவர் ஏன் வந்தார் என்பதற்கான மீதி விடை பல ஆண்டுகள் கழித்து, மவுண்ட் ரோடு தபால் நிலையத்துக்கு எதிர் நடைபாதையில் கிடைத்தது. குவித்துப் போட்டிருந்த மலிவுப் புத்தகங்களில் ஒன்றை 50 காசுக்கு வாங்கினார். கம்யூனிசத்தில் நம்பிக்கை இழந்த ஆறு எழுத்தாளர்களின் கட்டுரைகள். ஆறு பேரில் ஒருவர் ஸ்பெண்டர். ஸ்டூடியோ அவரை வரவேற்றது கவிதைக்காக அல்ல, இந்த நம்பிக்கை இழப்புக்காகத்தான் என்று அசோகமித்திரனுக்கு அப்போது புரிந்தது.