படம் நின்றது, பழுது எங்கே?

நம் காலத்து மாணவனுக்குப் புத்தகம் ஒரு கை என்றால் மடிக்கணினி மற்றொரு கை. பேராசிரியரின் விரிவுரை, ஆய்வுக்கூடச் செயல்முறை, மன்றத்துப் பட்டிமன்றம், வீட்டுத் திருமணம் ஆகிய அனைத்தும் இன்று காணொளிகளாக அதனுள் அடங்கிக் கிடக்கின்றன. ஒரு நாள் அவற்றுள் ஒன்றைத் திறக்கிறோம். கணினியோடு வந்த வீடியோ பிளேயர் தோன்றுகிறது. ஓரிரு நொடி ஒலி கேட்கிறது. பிறகு பிளேயரே மறைந்துவிடுகிறது. மீண்டும் திறக்கிறோம், மீண்டும் மறைகிறது. உடனே, "ஃபைல் கெட்டுவிட்டது" என்று படத்தை அழிக்கிறோம். அல்லது "கணினி கெட்டுவிட்டது" என்று கடைக்குத் தூக்கிச் செல்கிறோம். அல்லது யாரோ சொன்னார் என்று எல்லாவற்றையும் துடைத்து 'ஃபார்மட்' செய்கிறோம். நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியனுக்கும் நமக்கும் வேறுபாடு என்ன?

பிளேயர் நின்றுபோவது வேறு. படம் அழிந்துபோவது வேறு. இந்த ஒன்றை மனத்தில் கொண்டால் பாதி இழப்பைத் தவிர்க்கலாம். பழுது எங்கே இருக்கிறது என்று கண்டறியும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்களூர் வண்டிப்பெரியார் போன்ற மலைநாட்டு ஊர்களில் இது பெரிய செய்தி. கோட்டயம்–குமுளிச் சாலையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஊர் அது. தோட்டத்து லயங்களில் ஒரு வீட்டு மடிக்கணினியில் நாலு வீட்டுப் பிள்ளைகள் படிப்பதுண்டு. 2020 ஜூன் 1 அன்று கேரளத்தில் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக 'ஃபர்ஸ்ட் பெல்' பாடங்கள் தொடங்கியபின், தமிழ்வழி மாணவர்க்கும் பாடங்கள் காணொளிகளாக வந்தன. இணையம் எட்டாத வளைவுகளில் பாடம் பென் டிரைவில்தான் வீடு வீடாகப் போயிற்று. அங்கே ஒரு பிளேயர் நின்றால் ஒரு வகுப்பே நின்றது போலாகும். கடைக்குப் போய் வருவதென்றால் ஒரு நாள் கூலியும் போகும்.

பெட்டியும் தூளும்

முதலில் காணொளி என்பது யாது என்று காண்போம். அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 3 பைட் தேவை எனில், ஒரு படத்துக்கு ஏறத்தாழ 62 இலட்சம் பைட் ஆகிறது. நொடிக்கு 25 படங்கள் என்றால் 15½ கோடி பைட். ஒரு மணி நேரத்துக்கு 560 ஜி.பி.! ஆனால் நாம் கையாளும் ஒரு மணி நேரக் காணொளி பெரும்பாலும் 2 அல்லது 3 ஜி.பி.தான். எஞ்சியது எங்கே போயிற்று?

தேயிலைத் தொழிற்சாலையில் நான்கு அல்லது ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகச் சுருங்குகிறது. காணொளியோ ஏறத்தாழ இருநூறு மடங்கும் அதற்கு மேலும் சுருக்கப்படுகிறது. ஆசிரியர் கரும்பலகை முன் நின்று பேசும்போது பலகை அசைவதில்லை. கையும் உதடுமே அசைகின்றன. ஆகவே அவ்வப்போது ஒரு முழுப் படத்தைப் பதிந்துவிட்டு, இடைப்பட்ட படங்களுக்கு மாற்றத்தை மட்டும் எழுதி வைக்கிறார்கள். இவ்வாறு சுருக்குவதும், பார்க்கும்போது மீண்டும் விரிப்பதும் செய்யும் முறைக்குக் 'கோடெக்' என்று பெயர். தூளைக் கொழுந்தாக்க முடியாது. கோடெக்கோ ஏறக்குறைய அப்படித்தான் செய்கிறது.

2003-இல் வகுக்கப்பட்ட எச்.264 என்ற கோடெக்கை இன்று ஏறத்தாழ எல்லாக் கருவிகளும் அறியும். 2013-இல் வந்த எச்.265, அதாவது எச்.இ.வி.சி., அதே தரத்தை ஏறக்குறையப் பாதி இடத்தில் அடக்குகிறது. 2018-இல் ஏ.வி.1 வந்தது. சுருக்கம் கூடக்கூட விரிக்கும் உழைப்பும் கூடும்.

இங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. எம்.பி.4, எம்.கே.வி. என்பன கோடெக்குகள் அல்ல, அவை பெட்டிகள். தேயிலைப் பெட்டியின் உருவத்தைப் பார்த்து, உள்ளே இருப்பது இலைத்தூளா டஸ்ட்டா என்று சொல்ல முடியுமா? அதுபோலவே இரண்டு எம்.பி.4 ஃபைல்களில் ஒன்றனுள் எச்.264-உம் மற்றொன்றனுள் எச்.265-உம் இருக்கலாம். "நேற்றைய எம்.பி.4 ஓடிற்று, இன்றைய எம்.பி.4 ஓடவில்லையே" என்ற வியப்புக்குப் பெரும்பாலும் இதுவே விடை.

நான்கு கைகள்

காணொளி ஃபைலிலிருந்து நம் கண்ணுக்கு வருமுன் நான்கு கைகள் மாறுகிறது. முதலாவது, ஃபைல். இரண்டாவது, பெட்டியைத் திறந்து ஒலியையும் படத்தையும் பிரிக்கும் பிளேயர். மூன்றாவது, சுருக்கத்தை விரிக்கும் கோடெக். நான்காவது, படத்தைத் திரையில் வரையும் கிராபிக்ஸ் சில்லும், அதை ஆளும் 'டிரைவர்' என்ற மென்பொருளும்.

விரிக்கும் வேலையைக் கணினியின் செயலி தானே செய்யலாம். அல்லது அதற்கென அமைந்த கிராபிக்ஸ் சில்லிடம் ஒப்படைக்கலாம். சில்லிடம் கொடுத்தால் விரைவு, பாட்டரியும் மிச்சம். ஆனால் சில்லுக்கு அந்தக் கோடெக் தெரிந்திருக்க வேண்டும். இன்டெல் செயலிகளில் 2015-இல் வந்த ஆறாம் தலைமுறை சாதாரண 8 பிட் எச்.265-ஐச் சில்லிலேயே விரிக்கவல்லது. நிறச்செறிவு மிகுந்த 10 பிட் வகையை முழுமையாக ஏற்றது ஏழாம் தலைமுறைதான். அதற்கும் முந்திய மடிக்கணினிகள் இன்னும் நம்மிடையே பல உள்ளன.

கோடெக் இல்லையெனில் பிளேயர் பெரும்பாலும் நாகரிகமாகவே அறிவித்துவிடும். விண்டோஸில் 5212 என்று முடியும் பிழை எண்ணுக்குக் கோடெக் இல்லை என்பது பொருள். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் மறைவது ஏன்? ஒரு நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைத் தொட்டால், மற்ற நிரல்களைக் காப்பதற்காக இயங்குதளம் அதை அக்கணமே நிறுத்திவிடுகிறது. அரைகுறை ஃபைலோ பழைய டிரைவரோ பிளேயரை அத்தகைய தவற்றுக்குள் தள்ளக்கூடும். மறைந்தது பிளேயர், குற்றம் செய்தது வேறொன்றாகவும் இருக்கலாம்.

நாடி பார்க்கும் முறை

சோதனைக்கு முன் ஒரு விதி: ஃபைலை வேறோர் இடத்தில் படியெடுத்துக்கொள்ளுங்கள். படி இல்லாத ஃபைலின் மேல் எந்த வைத்தியமும் கூடாது.

முதற் சோதனை: அதே பிளேயரில், முன்பு நன்றாக ஓடிய வேறொரு படத்தைத் திறவுங்கள். அதுவும் மறைந்தால் குற்றம் பிளேயரிலோ டிரைவரிலோ இருக்கிறது. அது ஓடினால் பிளேயர் பெரும்பாலும் நலம்.

இரண்டாம் சோதனை: ஓடாத படத்தைக் கைபேசியிலோ வேறு கணினியிலோ திறவுங்கள். அங்கே ஓடினால் ஃபைல் நலம். குறை கோடெக்கிலோ டிரைவரிலோ உள்ளது. எங்குமே ஓடவில்லையெனில் ஃபைலை ஐயுறலாம்.

மூன்றாம் சோதனை: நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் அதே நிமிடத்தில், அதே நொடியில் நின்றால் ஃபைலில் அவ்விடம் சிதைந்திருக்கக்கூடும். இடம் மாறி மாறி நின்றால் டிரைவரையும் நினைவகத்தையும் பார்க்க வேண்டும். பிளேயர் மட்டுமின்றிக் கணினியே அணைந்தால் அது சூட்டின் வேலையோ மின்சாரத்தின் வேலையோ ஆகும். விசிறித் துளையில் தூசு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காம் சோதனை: கணினியின் நாட்குறிப்பைப் படியுங்கள். விண்டோஸ் ஒவ்வொரு விபத்தையும் எழுதி வைக்கிறது. 'ஈவன்ட் வியூவர்' என்பதைத் திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்', அதனுள் 'அப்ளிகேஷன்' என்று சென்றால் சிவப்புக் குறியுடன் அக்குறிப்பு இருக்கும். அதில் 'ஃபால்ட்டிங் அப்ளிகேஷன்' என்பது விழுந்தவர் பெயர். 'ஃபால்ட்டிங் மாட்யூல்' என்பது எந்தப் பகுதியில் விழுந்தார் என்பதைக் காட்டும். அங்கே கிராபிக்ஸ் டிரைவரின் பெயர் இருந்தால் தேடல் பெரும்பாலும் முடிந்தது.

நோய்க்கேற்ற மருந்து

பிளேயரில் குறை எனில்: விண்டோஸ் 10-இல் 'மூவீஸ் அண்ட் டிவி' என்றும், விண்டோஸ் 11-இல் 'மீடியா பிளேயர்' என்றும் இருப்பதை முதலில் புதுப்பியுங்கள். பிறகு 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஆப்ஸ்' பட்டியலில் அதைத் தேடி, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' சென்று 'ரிப்பேர்' கொடுங்கள். அது பலிக்காதபோதே 'ரீசெட்'. ரீசெட் பிளேயரின் அமைப்புகளைத்தான் துடைக்கும். உங்கள் படங்களைத் தொடாது.

கோடெக்கில் குறை எனில்: மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எச்.265-க்குரிய நீட்சி சிறு விலைக்குக் கிடைக்கிறது. விலையின்றி வேண்டுவோர்க்கு வி.எல்.சி. இருக்கிறது. அது தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தானே சுமந்து வருகிறது. அதன் வரலாறு நம் போன்ற மாணவர்க்கு உவப்பானது: பாரிஸ் நகருக்கு அருகில் எகோல் சென்ட்ரல் என்ற பொறியியற் கல்லூரி மாணவர்கள், தங்கள் வளாகத்து வலையமைப்பில் தொலைக்காட்சியைப் பரப்ப 1996-இல் தொடங்கிய முயற்சியே அது, 2001-இல் கட்டற்ற மென்பொருளாக உலகுக்கு வழங்கப்பட்டது. உபுண்டு வைத்திருப்போர் 'ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்' என்ற தொகுப்பை நிறுவினால் பெரும்பாலான கோடெக்குகள் வந்துவிடும். "கோடெக் இல்லை, இங்கே அழுத்துக" என்று முன்பின் அறியாத தளம் அழைத்தால் மட்டும் அழுத்தாதீர்கள்; மருந்தென்று நஞ்சு நுழையும் வாயில் அது.

டிரைவரில் குறை எனில்: மடிக்கணினி செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாதிரிக்குரிய புதிய டிரைவரை நிறுவுங்கள். அண்மையில் புதுப்பித்த பிறகே தொல்லை தொடங்கியது எனில், 'டிவைஸ் மேனேஜர்' வழியே பழைய டிரைவருக்குத் திரும்புங்கள். இடைக்காலத்துக்கு, வி.எல்.சி.யின் 'பிரிஃபரன்சஸ்' பகுதியில் 'ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட் டிகோடிங்' என்பதை நிறுத்திவிட்டால் சில்லை விடுத்துச் செயலியே வேலையை ஏற்கும்.

ஃபைலில் குறை எனில்: பென் டிரைவை அவசரமாகப் பிடுங்கினால் ஃபைல் பாதியில் அறுந்திருக்கும், மூலத்தின் அளவோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஃபேட் 32 முறையில் அமைந்த பென் டிரைவ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது என்பதையும் நினைவிற்கொள்க. மற்றொன்று: எம்.பி.4 பெட்டியின் பொருளடக்கத்தைப் பல கைபேசிகள் பதிவு முடியும்போதுதான் எழுதுகின்றன. நடுவில் பாட்டரி தீர்ந்தால் படம் இருக்கும், பொருளடக்கம் இராது. அதே கைபேசியில் எடுத்த நல்ல படம் ஒன்றை முன்மாதிரியாகக் கொடுத்தால் பொருளடக்கத்தை மீண்டும் கட்டித்தரும் 'அன்ட்ரங்க்' என்ற கருவி உண்டு.

ஒரு நிகழ்ச்சி

சென்ற விடுமுறையில் எங்கள் லயத்து அக்கா ஒருவர் தம் மகனின் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். அவருடைய தந்தை தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், இப்போது இல்லை. அவர் தம் இளமைக்காலத்தைப் பற்றி 25 நிமிடம் பேசியதைத் திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் ஐபோனில் பதிந்திருக்கிறார். அக்கைபேசி பின்னர் தொலைந்துவிட்டது. எஞ்சியது மடிக்கணினியில் இருந்த ஒரே படி.

"தம்பி, தொறந்தா ரெண்டு வார்த்தை கேக்குது, அப்புறம் மூடிக்குது. கடையில, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடணும்னு சொல்லிட்டாங்க. அழிச்சா அப்பா பேச்சும் போயிடுமா?" என்று கேட்டார்.

"போயிடும் அக்கா. அதனால இப்ப எதையும் அழிக்க வேண்டாம்" என்றேன்.

முதலில் படியெடுத்தேன். வேறு படங்கள் அதே பிளேயரில் ஓடின. ஆகவே பிளேயர் நலம். அந்தப் படம் என் கைபேசியில் ஓடிற்று. ஆகவே ஃபைலும் நலம். வி.எல்.சி.யின் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' பக்கம் எச்.265, 10 பிட் என்றது. மடிக்கணினியோ ஆறாம் தலைமுறை. நாட்குறிப்பில் கிராபிக்ஸ் டிரைவரின் பெயர். வி.எல்.சி.யில் சில்லின் உதவியை நிறுத்தியதும் படம் தட்டித் தடுமாறி ஓடத் தொடங்கியது. பிறகு 'கன்வர்ட்' வசதியால் எச்.264 வடிவில் ஒரு படி எடுத்தோம். இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அதன்பின் கணினியோடு வந்த பிளேயரிலேயே பெரியவர் 25 நிமிடமும் நிற்காமல் பேசினார். செலவு எதுவும் இல்லை. ஃபார்மட் செய்திருந்தால் கணினி புதிதாகியிருக்கும். அந்தக் குரல் போயிருக்கும்.

நாம் செய்யத் தக்கவை

தோட்டங்களுக்கு வந்து குடியேறிய நம் முன்னோரைப் பற்றி ஏடுகளில் உள்ளது சிறிது. பெரியவர்களின் நினைவில் உள்ளது பெரிது. அதைப் பதிந்துவைக்கும் கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. 2017 முதல் ஐபோன்கள் எச்.265-இலேயே பதிகின்றன, கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றினால் எச்.264-இல் பதியும். வேறு பல கைபேசிகளிலும் இத்தகைய தெரிவு உண்டு. பழைய கணினிகள் உள்ள வீட்டுக்குப் போகும் பதிவை அவ்வாறே எடுங்கள். மூலத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள். இரண்டு படிகளை இரண்டு இடங்களில் வையுங்கள்.

நண்பர்களே! விடுமுறையில் வண்டிப்பெரியாருக்கோ பாலக்காட்டுச் சித்தூருக்கோ செல்லும் நம் மன்றத்தார் ஒவ்வொருவரும் தம் பகுதியில் ஓடாமற் கிடக்கும் ஒரு படத்தையாவது ஓடச் செய்யலாம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டுவதில்லை. ஃபைலா, பிளேயரா, கோடெக்கா, டிரைவரா என்று வரிசையாகக் கேட்கும் பொறுமை போதும். விடை கிடைக்கும் வரை எதையும் அழிக்காதிருப்போம்.