உங்களுக்குத் தெரியுமா? இழுத்தால் நிறம் மாறும் ரப்பர்

பேராக்கில், கோலாகங்சாரில், 1877இல் நட்ட கன்றுகளோடு வந்தது நம் பால்மரம். அதன் பாலில் செய்த மெல்லிய, ஒளி ஊடுருவும் ரப்பர்த் துண்டைக் குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தாள்களுக்கு நடுவே இழுத்துப் பாருங்கள்: இழுக்க இழுக்க நிறம் மாறும். இழுபட்ட ரப்பருக்குள் ஒளியின் இரு அதிர்வுகள் வெவ்வேறு வேகத்தில் போவதே காரணம்.

ரப்பர் இருந்த இடத்தில் திரவப் படிகத்தை வைத்து, இழுப்பதற்குப் பதில் மின்னழுத்தத்தை மாற்றினால்? அப்படிப் பல அடுக்குகள் சேர்ந்தால், அலைநீளம் அலைநீளமாகப் படமெடுக்க உதவும் வடிகட்டி தயார். சுழலும் சக்கரம், மோட்டார் எதுவும் வேண்டாம். அடுக்கு யோசனை பிரெஞ்சு வானியலாளர் பெர்னார்ட் லியோ 1933இல் சொன்னது. அவர் பயன்படுத்தியது படிகத் தகடுகள். கொடைக்கானலில் சூரியனைப் படமெடுக்கவும் லியோ வடிகட்டி உண்டு. ஒரே வருத்தம், வரும் வெளிச்சத்தில் பாதியை முதல் தாளே விழுங்கிவிடும்.